முதல் வால்வு ஆம்ப்ளிபயர்: எந்தச் சர்க்யூட்டைத் தொடுவது?

கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கத்து நண்பர்கள் சொந்தமாக வால்வு ஆம்ப்ளிபயர் கட்டுவது பற்றி அனுப்பிய கேள்விகளில் பொதுவானவற்றை எடுத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன். பெரும்பாலோர் வால்வின் பெயரைச் சொல்லித்தான் பேச்சை ஆரம்பிக்கிறார்கள். என் கட்சி வேறு. எந்த அவுட்புட் டிரான்ஸ்பார்மர் (வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் நிற்பது) கைக்குக் கிடைக்கும், வீட்டில் எந்த ஸ்பீக்கர் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். வால்வு அதற்குப் பிறகு வரட்டும்.

கணபதியிலிருந்து, லேத் பட்டறை வைத்திருப்பவர்: சால்டரிங் நன்றாக வரும். 300பி, ஈஎல் 34, ஈஎல் 84 என்று ஆளாளுக்கு ஒரு வால்வைச் சொல்கிறார்கள். முதலில் எதைக் கட்டலாம் அண்ணா?

ஈஎல் 84, சிங்கிள் எண்டட், அதாவது ஒலி அலை முழுவதையும் ஒரே அவுட்புட் வால்வு சுமக்கும் முறை. சேனலுக்கு ஓர் ஈஎல் 84, முன்னால் இரண்டு சேனலுக்கும் பொதுவாக ஒரே ஒரு 12ஏஎக்ஸ்7. அந்தச் சிறு வால்வுக்குள் இரண்டு டிரையோடுகள் (மூன்று மின்முனை கொண்ட அமைப்புகள்) இருப்பதால் ஆளுக்கு ஒன்றாகப் பங்கு போட்டுக்கொள்ளலாம். ஸ்டீரியோ ஆம்ப்ளிபயருக்கு மொத்தம் மூன்றே வால்வுகள்.

காரணம் சொல்கிறேன், தம்பி. ஈஎல் 84 வேலை செய்ய 250 வோல்ட் போதும். எலக்ட்ரான்களை வாங்கும் ஆனோடில் 48 மில்லி ஆம்பியர், அவற்றை விடும் கேத்தோடில் 135 ஓம் ரெசிஸ்டர், டிரான்ஸ்பார்மர் வழியாக வால்வு பார்க்கும் லோடு சுமார் 5 கிலோ ஓம். 10 சதவீத டிஸ்டார்ஷன் (ஒலிச் சிதைவு) வரை விரட்டினால் 5.7 வாட் என்று தயாரிப்பாளரின் அட்டவணை சொல்கிறது. காதுக்கு இதமாக 3, 4 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை முழுதாக இயக்க, சிக்னல் நுழையும் கிரிடில் நாலரை வோல்ட் கொடுத்தால் போதும் என்பதுதான் முக்கியம். 12ஏஎக்ஸ்7-இன் ஒரு பாதியே அதைக் கொடுத்துவிடும். 300பி-க்கோ உச்சத்தில் 60 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். அதற்குத் தனி டிரைவர், அதற்குத் தக்க பவர் சப்ளை என்று வேலை நீண்டுகொண்டே போகும். விலையும் அப்படித்தான். முதல் வண்டியாக யாரும் பத்துச் சக்கர லாரி வாங்குவதில்லை.

6வி6-உம் நல்ல வால்வு. 4.5 வாட், அதே 5 கிலோ ஓம். ஈசிஎல் 82-இல் டிரையோடும், ஐந்து மின்முனை கொண்ட பெண்டோடும் ஒரே கண்ணாடிக்குள் இருக்கும், 3.5 வாட் வரும். அந்தக் கால ரெக்கார்டு பிளேயர்களில் பார்த்திருப்பீர்கள். வீட்டுப் பரணில் நல்ல ஈசிஎல் 82 இரண்டு கிடந்தால் தாராளமாக அதையே கட்டுங்கள். காசு கொடுத்து வாங்குவதென்றால் ஈஎல் 84 பக்கம் நிற்பேன். இன்றும் ஸ்லோவாக்கியாவிலும் ரஷ்யாவிலும் புதிதாகத் தயாராகிறது. பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் ஒரு காலத்தில் செய்த சரக்கும் பழைய கடைகளில் அவ்வப்போது தலைகாட்டும். ரஷ்ய எழுத்தில் 6பி14பி என்று இருந்தால் தயங்க வேண்டாம், அதுவும் இதுதான்.

புஷ்-புல், அதாவது இரண்டு அவுட்புட் வால்வுகள் மாறி மாறித் தள்ளி இழுக்கும் முறை, இரண்டாவது முயற்சிக்கு இருக்கட்டும்.

சோமனூர்: என் ஸ்பீக்கரில் 86 டெசிபல் என்று போட்டிருக்கிறது. 3 வாட் போதுமா?

போதாது என்றுதான் சொல்வேன். 86 டெசிபல் என்பது ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் கேட்கும் அளவு. வாட் இரு மடங்கானால் 3 டெசிபல்தான் கூடும். ஆகவே உங்கள் 3 வாட்டுக்கு 91-ஐ எட்டுவீர்கள். நீங்கள் உட்காரும் இடத்தில் அதிலும் குறையும். ராத்திரி ஒரு வீணைக் கச்சேரி கேட்க அது பழுதில்லை. ஆனால் தவில்காரர் ஓங்கி ஓர் அடி வைக்கும் கணத்தில் ஒலி நசுங்கிவிடும். 92 டெசிபல் ஸ்பீக்கர் என்றால் அதே 3 வாட் நான்கு மடங்கு வாட் கொடுத்ததுபோல் ஒலிக்கும். ஆம்ப்ளிபயருக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியை ஸ்பீக்கருக்கு மாற்றுங்கள், ஐயா.

நாமக்கல்: ஈஎல் 84 பெண்டோடை டிரையோடாக இணைப்பதா, பெண்டோடாகவே விடுவதா?

ஸ்கிரீனை (பெண்டோடின் இரண்டாவது கிரிடை) 100 ஓம் வழியாக ஆனோடில் சேர்த்தால் டிரையோடு. ஒலி மென்மையாகும், வாட் இரண்டுக்குள் சுருங்கும். பெண்டோடாக விட்டால் ஸ்பீக்கரிலிருந்து 12ஏஎக்ஸ்7-இன் கேத்தோடுக்குக் கொஞ்சம் நெகட்டிவ் ஃபீட்பேக் (வெளியே வரும் சிக்னலில் ஒரு பங்கை எதிராகத் திருப்பி அனுப்புவது) கொடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பேஸ் தளதளவென்று இருக்கும். ஃபீட்பேக் கம்பியை இணைத்தவுடன் ஆம்ப்ளிபயர் ஊளையிட்டால் பயப்படாதீர்கள். அணைத்துவிட்டு, அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் ஸ்பீக்கர் பக்கத்து இரண்டு கம்பிகளை இடம் மாற்றுங்கள்.

பொள்ளாச்சி: எங்கள் தெருவிலேயே மோட்டார் வைண்டிங் பட்டறை இருக்கிறது. போர்வெல் மோட்டாரெல்லாம் சுற்றுகிறார். அவரிடம் டிரான்ஸ்பார்மர் சுற்றிக்கொள்ளலாமா?

நம் ஊருக்கென்று ஒரு வசதி உண்டென்றால் அது இதுதான். பவர் டிரான்ஸ்பார்மரைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம். 230 வோல்ட் பிரைமரி (கரண்ட் நுழையும் சுற்று), வெளியே நடுமுனையோடு 200-0-200 வோல்ட், அதிலிருந்து டிசி 110 மில்லி ஆம்பியர் எடுப்போம் என்று சொல்லிவிடுங்கள். வால்வுக்குள் சூடேற்றும் ஹீட்டருக்கு 6.3 வோல்ட், 3 ஆம்பியர். ஹீட்டர்கள் மூன்றும் சேர்ந்து 1.8 ஆம்பியர்தான் எடுக்கும், மிச்சம் சூடு குறைய.

அவுட்புட் டிரான்ஸ்பார்மரை அப்படிக் கொடுக்க முடியாது. பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும். அவர் கை பழகிய முறையில் ஈ (E) வடிவத் தகட்டை ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றிச் செருகுவார். பவர் டிரான்ஸ்பார்மருக்கு அது சரி. சிங்கிள் எண்டடில் பிரைமரி வழியாக எந்நேரமும் 48 மில்லி ஆம்பியர் டிசி ஓடிக்கொண்டிருக்கும். மாற்றிச் செருகினால் இரும்பு அந்த டிசியிலேயே நிறைந்துபோய்விடும், பேஸ் செத்துவிடும். ஆகவே ஈ தகடுகள் அத்தனையும் ஒரே பக்கமாக, ஐ (I) வடிவத் தகடுகள் அத்தனையும் எதிர்ப்பக்கமாக வைத்து, நடுவில் ஒரு தாளைக் கொடுத்துக் கிளாம்ப் போட்டு இறுக்கச் சொல்லுங்கள். ஜெராக்ஸ் தாள் ஒன்று 0.1 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். காந்தப் பாதை அந்த இடைவெளியை இரண்டு இடத்தில் கடப்பதால் மொத்தம் 0.2 மில்லிமீட்டர் ஆகிறது. நடுக்கால் 3 செ.மீ. அகலம், அடுக்கு 3 செ.மீ. உயரம் உள்ள தகட்டுக்கு இது பொருந்தும்.

சுற்று இப்படி: முதலில் 35 கேஜ் கம்பியில் 1250 சுற்று. அதன் மேல் காகிதம் போட்டு 22 கேஜில் 100 சுற்று, இரண்டு அடுக்காக வந்து நிற்கும். மறுபடி காகிதம், மறுபடி 35 கேஜில் 1250. இரண்டு 1250-ஐயும் ஒரே திசையில் சுற்றி, முதலாவதன் முடிவை இரண்டாவதன் ஆரம்பத்தோடு சேர்க்க வேண்டும். 2500-க்கு 100 என்றால் 25-க்கு 1. ஓம் அதன் வர்க்கத்தால், அதாவது 625 மடங்கு, பெருகும் என்பதால் 8 ஓம் ஸ்பீக்கர் மறுபக்கம் 5 கிலோ ஓமாகத் தெரியும். ஸ்பீக்கர் பக்கத்துச் சுற்றான செகண்டரியை நடுவில் வைக்கச் சொல்வது உச்ச ஸ்வரங்களுக்காக. "இதெல்லாம் எதுக்குங்க, மேலயே சுத்திடலாம்" என்பார். விட்டுக்கொடுக்காதீர்கள். கடைசியில் வார்னிஷில் முக்கிக் காயவைப்பதை மட்டும் அவர் இஷ்டத்துக்கு விடுங்கள், அதில் அவர் நம்மைவிடக் கெட்டிக்காரர்.

காங்கேயம்: அப்பா மைக் செட் வைத்திருந்தார். அந்தப் பழைய வால்வு ஆம்ப்ளிபயரின் டிரான்ஸ்பார்மரை இதற்குப் போடலாமா?

அது புஷ்-புல்லுக்குச் செய்தது. இரண்டு பாதியிலும் டிசி எதிரெதிராக ஓடி ஒன்றையொன்று அடித்துவிடும் என்பதால் அதில் இடைவெளி விட்டிருக்க மாட்டார்கள். சிங்கிள் எண்டடுக்கு ஆகாது. அதைப் பிரிக்காமல் அப்படியே வையுங்கள், இரண்டாவது ஆம்ப்ளிபயருக்கு அதைவிட நல்ல முதல் கிடையாது.

கூம்பு ஸ்பீக்கருக்குப் போடும் 100 வோல்ட் லைன் டிரான்ஸ்பார்மர் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதன் 2 வாட் முனை 5 கிலோ ஓமாகத் தெரியும் என்பது கணக்குப்படி சரி. ஆனால் அதிலும் இடைவெளி இல்லை. சர்க்யூட் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு மாலை நேரத்துக்குப் பயன்படும். அவ்வளவுதான்.

ஈரோடு, பாலிடெக்னிக் மாணவி: வீட்டில் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே அணையும் ஸ்விட்ச்) இருக்கிறது ஐயா. ஷாக் அடித்தால் அது டிரிப் ஆகிவிடும் என்று அண்ணன் சொல்கிறான். சரியா?

தவறு அம்மணி. இந்தத் தவறு ஆளைக் கொல்லும். ஆர்சிசிபி பார்ப்பது பிரைமரி பக்கம் போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் சமமா என்பதை மட்டும். டிரான்ஸ்பார்மருக்கு அந்தப் பக்கம் உள்ள 270 வோல்ட் டிசியில் உங்கள் கை பட்டால் அது பிரைமரியில் வெறும் கூடுதல் லோடாகத்தான் தெரியும். டிரிப் ஆகாது. ஆகவே உங்களைக் காப்பது நீங்கள் மட்டுமே.

சேசிஸ் (எல்லாவற்றையும் தாங்கும் பெட்டி) உலோகமாக இருக்கட்டும், மூன்று முனை பிளக்கின் எர்த் கம்பியைத் தனி போல்ட்டில் அதோடு இறுக்குங்கள். பிரைமரியில் ஃபியூஸ் வையுங்கள். பவர் சப்ளைக் கபாசிட்டரின் குறுக்கே 220 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாகப் போடுங்கள். 100 மைக்ரோ ஃபாரட் கபாசிட்டர் என்றால் அணைத்த பிறகு இரண்டு நிமிடத்தில் அது காலியாகிவிடும். அப்போதும் நம்பாதீர்கள், மீட்டரை வைத்து 0 என்று பார்த்த பிறகே கை வையுங்கள். ஓடும்போது அளக்க வேண்டுமென்றால் மீட்டரின் கறுப்பு முனையைக் கிளிப் போட்டுச் சேசிஸில் மாட்டிவிட்டு, சிவப்பு முனையை ஒற்றைக் கையால் பிடியுங்கள், மறு கை முதுகுக்குப் பின்னால். வளையல், மோதிரம், ஈரக்கால் எதுவும் ஆகாது. வீட்டில் தனியாக இருக்கும்போது திறந்த சேசிஸுக்குக் கரண்ட் கொடுக்காதீர்கள்.

கரூர்: 230 வோல்ட்டை நேரடியாக டையோடில் கொடுத்தால் பவர் டிரான்ஸ்பார்மர் செலவு மிச்சமாகுமே?

சேசிஸே 230 வோல்ட் லைனில் தொங்கும். கூடாது.

பல்லடம்: தறிகள் ஓடும்போது வோல்டேஜ் இறங்குகிறது, நின்றவுடன் 250 வரை ஏறுகிறது. ஸ்டெபிலைசர் வேண்டுமா?

250 வந்தால் உங்கள் 6.3 வோல்ட் ஹீட்டர் 6.85 ஆகும். 10 சதவீதம் வரை வால்வு தாங்கும், ஆனால் ஓரத்தில்தான் நிற்கிறீர்கள். டிரான்ஸ்பார்மர் சுற்றக் கொடுக்கும்போதே பிரைமரியில் 220, 230, 250 என்று மூன்று முனை எடுக்கச் சொல்லிவிடுங்கள். உங்கள் ஊருக்கு 250 முனை. ஸ்டெபிலைசர் ரிலே டப்டப்பென்று அடிப்பது பாட்டுக்கு நடுவில் கேட்கும்.

கோபி: கட்டி முடித்துவிட்டேன். பாட்டு அருமையாக வருகிறது, பின்னால் 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல்.

வால்யூமைக் குறைத்தால் இரைச்சலும் குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தால் அது இன்புட் பக்கம். ஷீல்டு கம்பியையும் சிக்னல் நுழையும் ஆர்சிஏ சாக்கெட்டின் எர்த்தையும் பாருங்கள். குறையாவிட்டால் முதல் சந்தேகம் ஹீட்டர் கம்பிகள். இரண்டையும் நெருக்கமாக முறுக்கி, சேசிஸின் மூலையை ஒட்டிக் கொண்டுபோயிருக்கிறீர்களா? 6.3 வோல்ட்டின் இரு முனையிலிருந்தும் 100 ஓம் ஒவ்வொன்று எடுத்துக் கிரவுண்டில் சேர்த்திருக்கிறீர்களா? 12ஏஎக்ஸ்7-க்கு 4, 5 கால்களைச் சேர்த்து ஒரு முனை, 9-வது கால் மறு முனை. இதை நிறையப் பேர் 4-க்கும் 5-க்கும் நடுவில் கொடுத்துவிட்டு, வால்வு மங்கலாக எரிகிறது என்று கடைக்காரரைத் திட்டுகிறார்கள்.

அதுவும் சரியென்றால் பவர் டிரான்ஸ்பார்மரும் அவுட்புட் டிரான்ஸ்பார்மரும் ஒரே திசையில் உட்கார்ந்திருக்கும். ஒன்றை 90 டிகிரி திருப்பி வையுங்கள். துளை போடுவதற்கு முன்பே இதைச் சோதிக்கலாம்: பவர் டிரான்ஸ்பார்மருக்கு மட்டும் கரண்ட் கொடுத்து, அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் செகண்டரியில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதை நகர்த்திப் பாருங்கள். இரைச்சல் அடங்கும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். சேசிஸ் தகட்டை லேசர் கட்டிங்குக்குக் கொடுப்பது அதற்குப் பிறகு. வால்வு சாக்கெட்டின் துளையையும் கையில் இருக்கும் சாக்கெட்டை அளந்தே கொடுங்கள், படத்தில் உள்ள அளவை நம்பாதீர்கள்.

உடுமலை: இடது சேனல் ஈஎல் 84-இன் உள்தகடு (ஆனோடு) பத்து நிமிடத்தில் சிவந்துவிடுகிறது. கேத்தோடில் 10.5 வோல்ட் காட்டுகிறது. வலது பக்கம் 7.3 இருக்கிறது. வால்வு போய்விட்டதா?

முதலில் அணையுங்கள். 10.5-ஐ 135 ஓமால் வகுத்தால் 78 மில்லி ஆம்பியர். இருக்க வேண்டியது 54 (ஆனோடின் 48-உம் ஸ்கிரீனின் பங்கும் சேர்த்து). தகட்டில் 16 வாட்டுக்கு மேல் எரிகிறது, அதன் எல்லை 12. வலது பக்கத்து 7.3 சரியான அளவு.

இரண்டு வால்வுகளையும் இடம் மாற்றிப் போட்டு ஒரு நிமிடம் மட்டும் ஓட்டுங்கள், ஸ்பீக்கர்கள் இணைந்திருக்கட்டும். சிவப்பு வலது பக்கம் போனால் வால்வுதான் குற்றவாளி. இடது பக்கத்திலேயே நின்றால், அணைத்து அந்த ஈஎல் 84-ஐக் கழற்றிவிட்டு, மறுபடி கரண்ட் கொடுத்து, காலியான சாக்கெட்டின் 2-வது காலில் (கிரிடு) டிசி வோல்ட் பாருங்கள். பூஜ்யம் இருக்க வேண்டும். ஒன்றிரண்டு வோல்ட் காட்டினாலும் 12ஏஎக்ஸ்7-இலிருந்து வரும் கப்ளிங் கபாசிட்டர் (சிக்னலை விட்டு டிசியைத் தடுக்க வேண்டியது) கசிகிறது. பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய பேப்பர் கபாசிட்டரைப் போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள்; என் பந்தயம் அதன் மேல்தான். 0.1 மைக்ரோ ஃபாரட், 630 வோல்ட் பாலிப்ரோப்பிலீன் புதிதாக வாங்கி இரண்டு சேனலிலும் மாற்றுங்கள். மாற்றிய பிறகு கேத்தோடு 7-க்கும் 7.5-க்கும் இடையில் நின்றால் அதே வால்வையே தொடர்ந்து ஓட்டலாம்.