போர்டில் எத்தனை கிடக்கிறது?

வணக்கம்,

நான் ஒரு மென்பொருள் டீமை நடத்துகிறேன். இரண்டு ஆண்டுகளாக, வேலையைச் சில வாரச் சுற்றுகளாகப் பிரித்துச் செய்யும் ஸ்க்ரம் முறைதான். தினசரி நிலவரம் பேசும் ஸ்டாண்டப் கூட்டம் முக்கால் மணி நேரம் இழுக்கிறது. சுற்று முடிந்ததும் நடந்ததைத் திரும்பிப் பார்க்கும் ஒவ்வொரு ரெட்ரோ கூட்டத்திலும் அதே குறைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ரிலீஸ் தேதி தள்ளிக்கொண்டே போகிறது. இப்போது ஏஐ கருவி ஒன்றை வாங்கலாம் என்கிறது நிர்வாகம். நண்பர்களோ கான்பன் என்ற வேறொரு முறைக்கு மாறச் சொல்கிறார்கள். எது சரி?

ர.

அன்புள்ள ர.,

இப்போதைக்கு எதற்கும் மாற வேண்டாம். வேலைகளை அவற்றின் நிலைப்படி அடுக்கிவைக்கும் உங்கள் போர்டில், தொடங்கி முடிக்காமல் கிடக்கும் டாஸ்க்குகள் எத்தனை? கடிதத்தில் நீங்கள் சொல்லாமல் விட்டது அதுதான். முதலில் அதை எண்ணுங்கள்.

காத்திருக்கும் வரிசைகளைப் பற்றி ஆய்வாளர் ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த விதி ஒன்று உண்டு. கையில் இருக்கும் வேலைகளின் சராசரி எண்ணிக்கையை, வாரத்துக்கு எத்தனை முடிகிறதோ அதால் வகுத்தால், ஒரு வேலை முடிய ஆகும் சராசரிக் காலம் வந்துவிடும். போர்டில் 30 டாஸ்க் திறந்திருக்கிறது, வாரத்துக்கு 5 முடிகிறது என்றால், எடுத்த வேலை முடிய 6 வாரம். திறந்திருப்பதை 10 ஆக்கினால், யாரும் கூடுதலாக உழைக்காமலேயே 2 வாரம். மீதி 20 எங்கே போகும் என்று கேட்பீர்கள். வெளியே வரிசையில் நிற்கும். ஆனால் வெளியே நிற்கும் வேலையை முன்பின்னாக மாற்றலாம், வேண்டாம் என்றும் தள்ளலாம். பாதி முடித்த வேலையைத் தள்ள யாருக்கும் மனசு வராது.

ஒரே நேரத்தில் இத்தனை வேலைதான் திறந்திருக்கலாம் என்ற இந்த வரம்புதான் கான்பனின் உயிரே. அதற்காக ஸ்க்ரமை விட வேண்டியதில்லை, இருக்கும் போர்டிலேயே வரம்பு வைக்கலாம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மேலே இருப்பவர் வந்து "இதையும் கொஞ்சம் பாத்துடுங்க" என்று சொல்லும்போது, "சரி சார், எதை நிறுத்தட்டும்?" என்று திருப்பிக் கேட்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் நீங்கள்தான். எந்த முறையும் உங்களுக்காக அதைக் கேட்காது.

ஸ்டாண்டப்புக்கு, ஸ்க்ரம் முறையின் விதிகளைச் சொல்லும் ஸ்க்ரம் வழிகாட்டி தருவது 15 நிமிடம். நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், தடை என்ன என்று ஆளாளுக்கு ஒப்பிக்கும் மூன்று கேள்விகளை 2020 பதிப்பில் எடுத்தே விட்டார்கள். ஆட்களை வரிசையாகக் கேட்காமல் போர்டின் முடிவுப் பக்கத்திலிருந்து வாருங்கள். முடியப்போகிற டாஸ்க்கை முடிக்க என்ன வேண்டும் என்று மட்டும் பேசுங்கள்.

ரெட்ரோவில் குறை சொல்வது சுலபம். சொன்ன குறை பிறகு எங்கே போகிறது? ஸ்க்ரம் வழிகாட்டியின் 2017 பதிப்பு இதில் கறாராக இருந்தது. முந்தைய ரெட்ரோவில் கண்டெடுத்த முன்னேற்றம் ஒன்றாவது அடுத்த ஸ்பிரிண்ட் பேக்லாக்கில், அதாவது அடுத்த சுற்றின் வேலைப் பட்டியலில், இருந்தாக வேண்டும் என்றது. 2020-இல் அதைத் தளர்த்தி, சேர்த்தாலும் சேர்க்கலாம் என்றாக்கிவிட்டார்கள். என் கணக்கில் பழைய விதிதான் நல்ல விதி. ஒரே ஒரு குறையை எடுங்கள், பொறுப்பாளர் பெயர் போட்டு மற்ற டாஸ்க்குகளோடு போர்டில் ஏற்றுங்கள். பத்துக் குறை எழுதிய ரெட்ரோ ஆவணத்தை அடுத்த மாதம் யாரும் திறப்பதில்லை.

அப்புறம், ஏஐ. கூட்டக் குறிப்பு, நிலை அறிக்கை, நீளமான மின்னஞ்சல் தொடரின் சுருக்கம் இதெல்லாம் நன்றாகவே செய்கிறது. இதில் மிச்சமாகும் நேரம் உண்மையானது. ஆனால் மூன்று வாரமாக "90 சதவீதம் முடிந்தது" என்றே நிற்கும் டாஸ்க்கை வைத்து அது வரைகிற டேஷ்போர்டு அழகாக இருக்கும், அவ்வளவுதான். தாங்கள் எடுத்த வேலை சீக்கிரம் முடிந்துவிடும் என்று மனிதர்கள் நம்பும் போக்கை உளவியலாளர்கள் கானெமனும் ட்வெர்ஸ்கியும் 1979-இலேயே எழுதிவைத்தார்கள். அதற்கு மருந்து, இதே மாதிரி வேலை முன்பு உண்மையில் எத்தனை நாள் எடுத்தது என்று பார்ப்பது. அந்தப் பதிவு உங்களிடம் ஒழுங்காக இருந்தால் சாதாரண விரிதாளே போதும். இல்லையென்றால் எந்தக் கருவியும் ஊகிக்கத்தான் செய்யும்.

நிர்வாகம் விடாப்பிடியாக இருந்தால் வாங்கட்டும். குறிப்பெடுக்கும் வேலையை அதனிடம் கொடுத்துவிடுங்கள். ரிலீஸ் தேதி சொல்லும் வேலையை, டாஸ்க்குகள் எப்போது தொடங்கி எப்போது முடிந்தன என்ற பதிவு சில மாதங்களுக்காவது சேரும் வரை கொடுக்க வேண்டாம்.