தேனெடுக்கக் காட்டுக்குப் போறதெண்டா ஆளுக்கு எவ்வளவு தண்ணி?

தம்பி, ஆவணியில வவுனியா வடக்கு நெடுங்கேணிக் காட்டுக்க மூண்டு பேர் ரெண்டு நாள் தேனெடுக்கப் போறம், ஆளுக்கு 2 லீற்றர் போதுமோ எண்டு கேட்டிருக்கிறீங்கள். போதாது, தயவுசெய்து அப்பிடிப் போகாதேங்கோ. கச்சான் காத்து, அதாவது அந்த நேரம் வீசுற வறண்ட தென்மேற்குக் காத்து, வேர்வையை உடனயே காயவைச்சிடும், உடம்பால எவ்வளவு தண்ணி போகுதெண்டே தெரியாது, வெயிலுக்க நடக்கேக்க மணித்தியாலத்துக்கு அரை லீற்றருக்குக் குறையாமல் குடிக்கவேணும், சோறு பொங்கவும் சேத்து ஆளுக்கு ஒரு நாளைக்கு 6 லீற்றர் எண்டு வையுங்கோ.

மூண்டு பேருக்கும் ரெண்டு நாளைக்கு 36 லீற்றர், அதாவது 36 கிலோ, அவ்வளவையும் தோளில காவ ஏலாது. நாங்கள் செய்யிறது, மோட்டார்சைக்கிள் போற இடம்மட்டும் 20 லீற்றர் கான் ரெண்டைக் கொண்டுபோய் நிழலில வைச்சிட்டு, படுக்கையும் அங்கதான், காலமை ஆளுக்கு 4 லீற்றர் காவிக்கொண்டு போய்ப் பின்னேரம் திரும்பிறது. ஒரே போத்தலில கொண்டுபோகாதேங்கோ, எனக்கு ஒருக்கா மூடி கழண்டு முழுக்க ஊத்துப்பட்டுது, பாதி வழியில திரும்பினனான்.

சின்னக் குளங்களை நம்பாதேங்கோ, அந்த நேரம் எருமை உழக்கின சேறுதான், எலிக்காய்ச்சல் பயமும் இருக்கு. வேற வழியே இல்லாட்டி சாரத்தால வடிச்சு நல்லாக் கொதிக்கவிட்டுக் குடியுங்கோ. பொழுதுபட யானையும் குளத்தடிக்குத்தான் வரும். தண்ணி தேடிப் பழகாத பத்தையளுக்க மட்டும் இறங்காதேங்கோ, சண்டை நேரம் தாட்ட மிதிவெடி முழுக்க எடுத்து முடியேல்லை.

ஜீவனிப் பக்கற்றும் (தண்ணியில கரைச்சுக் குடிக்கிற உப்புச்சீனித் தூள்) கொண்டுபோங்கோ, ஒண்டுக்கு ஒரு லீற்றர் தண்ணி. மூத்திரம் கடும் மஞ்சளாப் போய்த் தலையும் இடிச்சால் தேனை விட்டிட்டுத் திரும்புங்கோ.