பிஷப் வருகிறாரா? முதலில் பதிவேட்டை எடுங்கள்

கேள்வி: நான் திருநெல்வேலியில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் வளர்ந்தவள். இப்போது டெக்சாஸில் ஓர் எபிஸ்கோப்பல் (அமெரிக்க ஆங்கிலிக்கன்) சபையில் வெஸ்ட்ரி, அதாவது சபை நிர்வாகக் குழு, உறுப்பினர். அடுத்த மாதம் பிஷப் வருகிறார், ஏற்பாடு என் தலையில். ஊரில் என்றால் பேண்டு வாத்தியம், மாலை, சால்வை என்று தெரியும். இங்கே என்ன செய்வது? நானும் மறுபடி திடப்படுத்தல் (பிஷப் தலையில் கைவைத்து விசுவாசத்தை உறுதிப்படுத்தும் சடங்கு) எடுக்க வேண்டுமா?

பதில்: பேண்டும் மாலையும் வேண்டாம். உங்கள் பிரியத்துக்கு ஒரு சால்வை போட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள். ஆனால் பிஷப்பை விருந்தாளியாக நினைத்துத் திட்டமிட்டால் முக்கியமான வேலை விட்டுப்போகும். ஒவ்வொரு சபைக்கும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறையாவது பிஷப்பின் வருகை நடக்க வேண்டும் என்பது எபிஸ்கோப்பல் திருச்சபையின் சட்டம். திருவிருந்து நடத்துவது, பிரசங்கம் செய்வது, பதிவேடுகளைப் பார்ப்பது, சபையின் நிலையை விசாரிப்பது எல்லாம் அந்த வருகையில் அடக்கம்.

அதனால் முதலில் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். ஞானஸ்நானம், திடப்படுத்தல், திருமணம், அடக்கம் எல்லாம் ஏறியிருக்கிறதா? ஒரு ரெக்டர் (சபையின் குருவானவர்) போய் அடுத்தவர் வருவதற்குள் உள்ள இடைவெளியில்தான் ஓட்டை விழும். குழந்தையின் பெயர் இருக்கும், ஞானப் பெற்றோர் கட்டம் காலியாக இருக்கும். அந்தக் குடும்பத்துக்கு இப்போதே போன் போட்டு நிரப்பிவிடுங்கள். பதிவேட்டைக் காட்டுவதும் சபையின் நிலையைச் சொல்வதும் ரெக்டர், வார்டன்கள் (வெஸ்ட்ரியின் மூத்த பொறுப்பாளர்கள்), வெஸ்ட்ரி எல்லாருடைய கடமை.

ஆராதனை முடிந்ததும் பெரும்பாலும் பிஷப் வெஸ்ட்ரியோடு உட்காருவார். இங்கேதான் பல சபைகள் நடிக்கின்றன. “எல்லாம் நன்றாக இருக்கிறது, பிஷப்” என்று சிரித்து, கேக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஞாயிறு ஆராதனைக்கு வருவோர் எண்ணிக்கை, வரவு செலவு எல்லாம் ஆண்டறிக்கையில் ஏற்கெனவே திருமண்டலத்துக்குப் போயிருக்கும், மறைத்து என்ன பயன்? கூரை ஒழுகுகிறதா, ரெக்டர் சம்பளத்துக்குத் திண்டாட்டமா, இளைஞர்கள் குறைகிறார்களா, நேராகச் சொல்லுங்கள். இரண்டு மூன்று விஷயங்களை முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டால் போதும். ரெக்டரோடு பிஷப் தனியாகப் பேசவும் நேரம் ஒதுக்குங்கள். அதில் நீங்கள் எட்டிப் பார்க்க வேண்டாம்.

ஆராதனை விஷயத்தில் பிஷப் அலுவலகம் அனுப்பும் குறிப்புதான் கடைசி வார்த்தை. எந்த நிற அங்கி, தைலம் உண்டா, நாற்காலி எங்கே என்பது பிஷப்புக்குப் பிஷப் மாறும். ஆராதனைத் தாளின் வரைவை முன்னதாகவே அனுப்பி ஒப்புதல் வாங்குங்கள். எபிஸ்கோப்பல் திருச்சபையின் 1979 ஜெப புத்தகத்தின்படி, பிஷப் வரும் நாள் ஞானஸ்நானத்துக்கும் ஏற்ற நாள். எந்தக் குடும்பமாவது காத்திருந்தால் இப்போதே கேளுங்கள். தைலம் பூசினால் பிஷப்பின் விரலில் பிசுபிசுப்பு ஒட்டும். எலுமிச்சைத் துண்டும் கைதுடைக்க ஒரு சின்னத் துணியும் ஒரு தட்டில் தயாராக இருக்கட்டும். ஜெபத்தின்போது கிரீடத்தைக் கழற்றுவார், கைகளை வைக்கும்போது கோலைக் கொடுத்துவிடுவார். அவற்றை வாங்கிக்கொள்ள ஓர் ஆளை நியமித்து, முந்தின நாளே ஒத்திகை பாருங்கள். திடப்படுத்தல் பெறுபவர்களின் பெயரைப் பெரிய எழுத்தில், உச்சரிப்போடு எழுதிக் கொடுங்கள்.

காணிக்கை: அன்று உறையில் இடாமல் தட்டில் விழும் பணத்தைப் பிஷப்பின் உதவி நிதிக்குக் கொடுப்பது பரவலான வழக்கம். அது அவர் சொந்தச் செலவுக்கல்ல, கஷ்டத்தில் இருப்பவர்களுக்கு உதவ. சபைக்கு முன்பே அறிவித்துவிடுங்கள்.

சாப்பாடு பெரிய விஷயமில்லை. ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவந்தால் ஆயிற்று. அவருக்கு என்ன ஒத்துக்கொள்ளாது என்று மட்டும் கேளுங்கள். பல மணி நேரம் கார் ஓட்டி வந்திருக்கலாம், வந்ததும் தண்ணீரும் உடை மாற்ற ஓர் அறையும் தேவைப்படும்.

இனி உங்கள் விஷயம். சி.எஸ்.ஐ.யும் எபிஸ்கோப்பல் திருச்சபையும் ஆங்கிலிக்கன் ஐக்கியம் என்ற உலகத் திருச்சபைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஊரில் பிஷப் உங்கள் தலையில் கைவைத்துத் திடப்படுத்தியிருந்தால் இங்கே மறுபடி தேவையில்லை. சபை முன் அறிக்கையிட விரும்பினால் ஏற்றுக்கொள்ளுதல், வாக்குறுதியைப் புதுப்பித்தல் என்று தனி முறைகள் உண்டு. சி.எஸ்.ஐ.யில் குருவானவரே திடப்படுத்துவதும் உண்டல்லவா? உங்களுக்கு அப்படி நடந்திருந்தால் ரெக்டர் வழியாகப் பிஷப்பிடம் கேட்டு முடிவெடுங்கள். எதுவானாலும் உங்கள் பழைய சேகரகுருவிடமிருந்து சான்றிதழை இந்த வாரமே கேட்டு வாங்குங்கள். ஊர்ப் பதிவேட்டில் தேடி எடுத்து அனுப்ப அவர்களுக்கும் நேரம் வேண்டுமே.