குரங்கைச் சித்தி என்றால் சிரிக்கிறார்கள், திருடன் என்றால் ஒத்துக்கொள்கிறார்கள்

"விலங்குகளிடம் மனிதக் குணத்தை ஏன் பார்க்கிறோம், இது அறியாமையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டுப் பூனையோடு பேசி யாரிடமோ திட்டு வாங்கியிருப்பீர்கள் போலிருக்கிறது. அறியாமை இல்லைங்க, மனித மூளையின் சுபாவமே அதுதான். 1944இல் ஹைடர், சிம்மல் என்ற உளவியலாளர்கள் இரண்டு முக்கோணமும் ஒரு வட்டமும் நகரும் குட்டிப் படம் ஒன்றைக் காட்டினார்கள். பார்த்தவர்களில் பெரும்பாலோர் பெரிய முக்கோணம் அடாவடி பண்ணுகிறது, வட்டம் பயப்படுகிறது என்று கதையே சொன்னார்கள். வெறும் கோட்டுக்கே இப்படி என்றால் முகமும் கையும் உள்ள குரங்கை விடுவோமா?

நான் மலேசியாவில் பினாங்கு. தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போனால் அப்படியே அம்மாவோடு தாவரவியல் பூங்காவிலும் நடப்பேன். அங்கே லோத்தோங் என்ற குரங்கு உண்டு, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், கண்ணாடி போட்ட மாதிரி இருக்கும், இலைதான் முக்கிய சாப்பாடு, குட்டி பிறக்கும்போது ஆரஞ்சு நிறம். அந்தக் குட்டியைத் தாய் மட்டும் வைத்திருக்காது, கூட்டத்தில் மற்ற பெண் குரங்குகளும் வாங்கி அணைத்துக்கொள்ளும். "பாருடா, சித்தி பெரியம்மா எல்லாம் இருக்காங்க" என்பார் அம்மா. இது வெறும் கற்பனை என்று யாராவது பாடம் எடுக்க வந்தால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இலை தின்னும் குரங்கினங்கள் பலவற்றில் இந்தப் பழக்கத்தை ஆய்வாளர்களே பதிவு செய்திருக்கிறார்கள்.

நீண்டவால் குரங்கிடம்தான் இப்படி மனிதக் குணம் பார்ப்பது வம்பாகிறது. ஒருமுறை அது பல்லைக் காட்டியதும் "சிரிக்குது" என்று ஒரு குடும்பம் பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தது. அது சிரிப்பு இல்லை, பயம். நாம் கண்ணுக்குக் கண் உற்றுப் பார்த்தால் மிரட்டுகிறோம் என்றுதான் அதற்குப் படும். அம்மா ஓடிப்போய்ப் பிள்ளையை இழுத்துவிட்டார், அந்த அப்பா எங்களை முறைத்தார். அப்புறம் அவர் கையிலிருந்த நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலம் போனதும் "திருட்டுக் குரங்கு" என்று ஒரே கத்தல். கையில் சாப்பாடு தெரிந்தால் எடுக்கத்தானே செய்யும், அதற்குச் சொந்தம், திருட்டு எல்லாம் ஏது?

எங்கள் ப்ளாட் வாட்சாப் குழுவிலும் இதே பேச்சுதான். குப்பைத் தொட்டிக்கு மூடி கிடையாது, குரங்கு வராமல் என்ன செய்யும்? பராமரிப்புக் கட்டணம் மட்டும் ஏறுகிறது, லிஃப்ட் பாதி நாள் ஓடாது, முட்டி வலியோடு அம்மா எட்டு மாடி ஏறுகிறார், கேட்டால் நிர்வாகக் குழுவில் ஒருவரும் வாயைத் திறப்பதில்லை. குரங்கைப் பிடிக்க ஆள் கூப்பிட மட்டும் ஒரே கூட்டத்தில் மற்ற எல்லோரும் கை தூக்கிவிட்டார்கள். நான் தூக்கவில்லை. முதலில் தொட்டிக்கு மூடி போடுங்கள் என்றேன், அடுத்த கூட்டத்திலும் அதையேதான் சொல்வேன்.