எலக்ட்ரிக் மாண்டலின் முதல் தடவையாக வாங்கப் போகிறேன். எட்டுக் கம்பியா, ஐந்து கம்பியா? எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

எட்டு வேண்டாம். எட்டுக் கம்பி வாங்கி 14,500 ரூபாயைத் தொலைத்தவன் சொல்கிறேன். ஐந்து வாங்குங்கள், அது கிடைக்காவிட்டால் நாலு.

நாகர்கோவில் பக்கம் இருப்பதாகவும் இதுவரை எந்தக் கருவியும் தொட்டதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் கர்நாடக சங்கீதம் வாசித்த ஏதோ ஒரு வீடியோவை நடுராத்திரியில் பார்த்துவிட்டுத்தான் இந்தக் கேள்வி வந்திருக்கும். எனக்கும் அப்படித்தான் பிடித்தது, வீடியோவுக்குப் பதில் கேசட். அவர் மடியில் இருந்தது ஐந்து ஒற்றைக் கம்பி. கடையில் நம் கையில் தருவது இரண்டிரண்டாக ஜோடி கட்டிய எட்டு. இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதால் வந்த வினை.

2011-ல் திருவனந்தபுரத்தில் ஒரு கடைக்குப் போனேன். நடுவில் மஞ்சளாகவும் ஓரம் கறுத்தும் பளபளவென்று ஒன்று தொங்கியது. உள்ளே குடைந்த உடம்பு, மேலே கம்பியின் அதிர்வைப் பிடித்து மின்சாரமாக்கும் பிக்கப் ஒன்று. "எட்டு கம்பியல்லே சாரே, நல்ல ஒச்ச கிட்டும்" என்றார் கடைக்காரர். சத்தம் நன்றாக வருமாம். அவர் சொன்னது பொய்யில்லை, எனக்குத் தேவையில்லாதது, அவ்வளவுதான். கரண்ட் இல்லாமல் வாசிக்கும் மாண்டலினில் தட்டிய ஸ்வரம் உடனே செத்துவிடும், அதனால்தான் ஒரே சுருதியில் இரண்டு கம்பி. சத்தத்தை ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) பார்த்துக்கொள்ளும்போது ஜோடி எதற்கு? ஃபெண்டர் என்ற கிட்டார் கம்பெனி 1956-ல் கொண்டுவந்த எலக்ட்ரிக் மாண்டலினிலேயே நாலு ஒற்றைக் கம்பிதான். இதெல்லாம் எனக்குத் தெரிந்தது பணம் கொடுத்த பிறகு. களியக்காவிளை தாண்டும்வரை அதை மடியில் கிடத்திக்கொண்டு ராஜா மாதிரி பஸ்ஸில் வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் முதல் கூத்து. மாண்டலினின் நாலு ஜோடிக்கும் தடித்ததிலிருந்து ஜி, டி, ஏ, ஈ (G, D, A, E) என்று சுருதி. ஸாவை ஒரு கட்டையில், அதாவது சி-யில், வைக்க வேண்டும் என்று நாலு ஜோடியையும் மேலே ஏற்றினேன். கடைசி ஜோடியை ஈயிலிருந்து ஜிக்கு முறுக்கும்போது டப் என்று ஒன்று அறுந்து புறங்கையில் கோடு போட்டது. இரண்டாவதும் அறுந்தது. அப்புறம் ஒரு வயலின்கார அண்ணன்தான் சொன்னார்: "ஐந்து கட்டைக்கு வைடே, ஸா ஜியில வரும். ஜியும் டியும் இருந்த இடத்துல கிடக்கட்டும். ஏயை ஜிக்கு இறக்கு, ஈயை டிக்கு இறக்கு. ஸ ப ஸ ப வந்தாச்சுல்லா." பத்து வினாடி யோசனை, என் கைக்குத் தோன்றவில்லை.

சுருதி நின்றாலும் கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து இழுப்பது, வரவில்லை. ஜோடிக் கம்பியை இழுத்தால் இரண்டும் ஒரே அளவு நகராது, ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். இரண்டு பேர் சேர்ந்து பாடும்போது ஒருவருக்கு ஜலதோஷம் பிடித்தது போல இருக்கும். கமகம்தான் வேண்டும் என்றால் ஒற்றைக் கம்பி தவிர வழியில்லை. சங்கீதம் முறையாகப் படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம், நான் வித்வான் இல்லை. சர்ச்சில் நோட்டேஷன் பார்த்து கீர்த்தனை வாசிக்கிறவர்களும் கோபப்பட வேண்டாம். உங்களுக்கு எட்டு போதும், வயலினும் ஜி டி ஏ ஈதான் என்பதால் வயலின் புத்தகத்தையே வைத்துப் படிக்கலாம். நான் கேட்டவருக்குச் சொல்கிறேன்.

பெரிய அவமானம் அந்த வருட கிறிஸ்துமஸ் கீதத்தில். அறுந்த கம்பிக்குப் பதில் செட் மாற்றினேன், விலை கூடிய வெண்கலச் சுற்றுக் கம்பி. வீட்டில் வெறுமனே தட்டியபோது கோயில் மணி மாதிரி இருந்தது. மேடையில் ஆம்பில் சொருகினால் மேல் கம்பிகள் கத்துகின்றன, கீழ் இரண்டும் பக்கத்து ஊரில் கேட்கிற மாதிரி. வால்யூமைக் கூட்டினால் மேல் கம்பி காதைக் கிழிக்கிறது. கொயர் மாஸ்டர் திரும்பிப் பார்த்து, "லேய், பாதிப் பாட்டைத் தின்னுட்டியா?" என்றார், மைக் ஆனில் இருந்தது. காரணம் சின்னது: காந்த பிக்கப்புக்கு இரும்பும் நிக்கலும்தான் தெரியும், வெண்கலம் தெரியாது. மெல்லிய கம்பிகள் முழு ஸ்டீல், தடித்தவற்றில் மேலே சுற்றியிருப்பது வெண்கலம். நிக்கல் சுற்று என்று கேட்டு வாங்க வேண்டும். அதோடு வாலில் கொக்கியில் மாட்டும் கண்ணி முனையா, உருண்டை முனையா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், மாறினால் மாட்டவே முடியாது.

கடைக்குப் போகும்போது இரண்டு ஏடிஎம் கார்டு எடுத்துப் போங்கள். கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கோடுகள்தான் ஃபிரெட். 12-வது ஃபிரெட்டில் கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவே இரண்டையும் அடுக்கி நுழைத்தால் சுமார் ஒன்றரை மில்லி. லேசாக உரசிக்கொண்டு போனால் நல்லது. நாலு கார்டு நுழைகிற உயரம் என்றால் விரல் நுனி புண்ணாகி இரண்டாம் வாரமே கருவி பீரோ மேல் ஏறிவிடும். பிறகு அதே 12-ல் அழுத்தாமல் தொட்டு ஒரு தட்டு, அழுத்தி ஒரு தட்டு. போனில் டியூனர் வைத்துப் பாருங்கள், இரண்டும் ஒரே ஸ்வரம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் உடம்பின் மேல் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜை நகர்த்திச் சரிசெய்து தரச் சொல்லுங்கள். நகர்த்தவே முடியாத பிரிட்ஜ் என்றால் விட்டுவிட்டு வாருங்கள்.

கையில் உள்ள மொத்தப் பணத்தையும் மாண்டலினில் போடாதீர்கள். 10 வாட் ஆம்ப் ஒன்று, மூன்று பின் எர்த் உள்ள பிளக் பாயின்ட் ஒன்று. எங்கள் வீட்டில் எர்த் சரியில்லாமல் ஒரு வருடம் 'ம்ம்ம்' என்று கூடவே ஒரு தம்பூரா ஓடியது. குளச்சல், முட்டம் மாதிரி கடலோரம் என்றால் வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் கம்பியைத் துடையுங்கள். உப்புக்காற்று அந்தக் கம்பியை ஒரு மாதம்கூட விடாது.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். வாசிக்கத் தெரிந்துவிட்டது என்று ஊருக்குத் தெரிந்த அன்றிலிருந்து "நம்ம பயதானே" என்று கல்யாணத்துக்கு, சர்ச் அசன விருந்துக்கு, கிளப் ஆண்டுவிழாவுக்குக் கூப்பிடுவார்கள். பந்தல்காரனுக்குக் காசு, ஜெனரேட்டருக்குக் காசு, சாம்பாருக்குக் காசு, மூன்று மணி நேரம் வாசித்தவனுக்குப் பொன்னாடை. என்னிடம் பதினொன்று இருக்கிறது. கட்டவும் முடியாது, துடைக்கவும் தண்ணி உறிஞ்சாது. பஸ் சார்ஜ் கேட்டால் "பெரிய ஆளாயிட்டாம்" என்று பேச்சு.

அந்த எட்டுக் கம்பிக்காரன் இன்னும் என்னிடம்தான் இருக்கிறான். ஜோடியில் ஒவ்வொன்றைக் கழற்றி நாலாக்கி, நிக்கல் மாட்டி வைத்திருக்கிறேன். அக்கா மகன் அதில்தான் சரளி வரிசை படிக்கிறான். விலைக்குக் கேட்டு மெசேஜ் அனுப்ப வேண்டாம், தர மாட்டேன்.