தண்டவாளத்தை ஒட்டி வீடு: ரயில் சத்தம் பழகிவிடுமா?

சென்னை பழவந்தாங்கலில் தண்டவாளத்தை ஒட்டி வீடு கிடைத்திருக்கிறது, ரயில் சத்தம் பழகுமா, எத்தனை நாளாகும் என்று கேட்டிருக்கிறீர்கள். அங்கே பதினோரு வருடமாக இருக்கிறேன். பழகிவிடும். ஆனால் முதல் நாள் பழகுவதை நம்பாதீர்கள்.

நாங்கள் குடிவந்த அன்று காலை, பீச் வண்டியும் தாம்பரம் வண்டியும் சில நிமிடத்துக்கு ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. பத்து வண்டி போனதும் காது கண்டுகொள்ளவில்லை. அட, இவ்வளவுதானா என்றிருந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு எக்ஸ்பிரஸ் ஹாரன் அடித்துப் போனபோது தூக்கிவாரிப் போட்டது. மறுநாள் காலை வண்டிகளும் பழையபடி புதிதாகவே கேட்டன.

இதற்குக் காரணம் இடைவெளி. 1970-இல் மைக்கேல் டேவிஸ் என்ற ஆய்வாளர் எலிகளுக்கு ஆயிரம் முறை பலத்த ஒலி எழுப்பினார். ஒரு கூட்டத்துக்கு 2 வினாடிக்கு ஒருமுறை, இன்னொன்றுக்கு 16 வினாடிக்கு ஒருமுறை. ஒலி கேட்டுக்கொண்டிருக்கும்வரை 2 வினாடிக் கூட்டம்தான் குறைவாகத் திடுக்கிட்டது. ஒரு நிமிடம் கழித்தும் மறுநாளும் சோதித்தபோது நிலைமை தலைகீழ்: 16 வினாடிக் கூட்டம்தான் குறைவாகத் திடுக்கிட்டது. அடுத்தடுத்து வந்தால் சீக்கிரம் மரத்துப்போகும், சீக்கிரமே தெளிந்தும்விடும். விட்டுவிட்டு வந்தால் மெதுவாகப் பழகும், ஆனால் நிலைக்கும். கடல் முயல் என்கிற நத்தை இனத்திலும் இப்படித்தான். ஒரே நாளில் நாற்பது முறை தொடுவதைவிட, நாளுக்குப் பத்து வீதம் நான்கு நாள் தொட்டால் பழக்கம் வாரக்கணக்கில் தங்குகிறது.

அதனால் காலை நெரிசல் வண்டிகளை வைத்து முடிவு செய்யாதீர்கள். ராத்திரி வண்டிதான் கணக்கு. எனக்கு அது பழக இரண்டு மாதம் ஆனது.

அம்மாவுக்கு இன்னும் ஆழமாகப் பழகியிருக்கிறது. போனில் பேசும்போது வண்டி வந்தால் பாதி வார்த்தையில் நிறுத்துவார், போனதும் அதே வார்த்தையிலிருந்து தொடர்வார். வண்டி வந்ததா என்று கேட்டால், "எப்போ?" என்பார். பராமரிப்புக்காக ரயிலை நிறுத்திய ஒரு ஞாயிறு மதியம், தூக்கத்திலிருந்து எழுந்து உட்கார்ந்து, "ஏன் என்னவோ மாதிரி இருக்கு?" என்றார். மூளை அடுத்த வண்டியையும் எதிர்பார்த்தே தூங்குகிறது போலும்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். தூக்கம் கலையாமல் போனாலும், ராத்திரிச் சத்தத்துக்கு இதயத்துடிப்பு எகிறுவது அவ்வளவு எளிதாகக் குறையாது. வீட்டில் கைக்குழந்தையோ இதயநோய் உள்ள பெரியவரோ இருந்தால் தண்டவாளத்துக்கு எதிர்ப்பக்க அறையை அவர்களுக்குக் கொடுங்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு ராத்திரி அங்கே படுத்துப் பார்க்கவும் ஓனரிடம் கேளுங்கள்.