பணம் வாங்கியதைச் சொல்லாத யூடியூபரும் விலைக்கு வரும் ஐந்து நட்சத்திரமும்

வணக்கம். உங்கள் மரச்செக்குக் கடலை எண்ணெயைக் காட்ட 15,000 ரூபாய் கேட்கும் சமையல் யூடியூபர், 'விளம்பரம் என்று போடமாட்டேன், நானே வாங்கிச் சமைத்ததாகச் சொல்கிறேன்' என்கிறார். சம்மதிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதம் விதிக்கலாம். பொருளைப் பரிந்துரைப்பவர் மட்டுமல்ல, தயாரித்த நீங்களும் மாட்டுவீர்கள். இந்திய விளம்பரத் தரக் குழுவும் 2021 முதல் கட்டண விளம்பரம் என்ற குறிப்பைக் கட்டாயமாக்கியிருக்கிறது. வீடியோவுக்குக் கீழே எங்கோ ஒளித்து வைத்தால் போதாது, வீடியோவிலேயே தெரிய வேண்டும். அதற்கு ஒப்புக்கொண்டால் அவருக்குத் தாராளமாகக் கொடுங்கள்.

ஓர் ஏஜென்சி உங்களுக்குக் காசுக்கு விற்க வரும் ஐந்து நட்சத்திர கூகுள் விமர்சனங்களும் வேண்டாம். ஒரே வாரத்தில் ஐம்பது பேர் 'சூப்பர்' என்று எழுதினால் வாங்குபவருக்கே சந்தேகம் வரும். கூகுள் கண்டுபிடித்தால் அவற்றை நீக்கிவிடும்.

எனக்கு முக்கியமாகப் படுவது, நீங்கள் அழிக்க நினைக்கும் அந்த ஒற்றை நட்சத்திரப் புகார். 'பாட்டிலின் அடியில் கசடு, கலப்படம்' என்கிறார் அந்த அம்மா. வடிகட்டித் தெளியவைத்த செக்கு எண்ணெயிலும் கொஞ்சம் வண்டல் தங்கத்தான் செய்யும். அதை அவர் புகாருக்குக் கீழேயே மரியாதையாக விளக்குங்கள், ஆட்டிய தேதியைச் சொல்லுங்கள், மாற்றுப் பாட்டில் அனுப்புவதாக எழுதுங்கள். புதிதாக வருபவர்கள் குறைந்த நட்சத்திர விமர்சனங்களையும் படிப்பார்கள். அப்புறம், உங்கள் லேபிளில் உள்ள 'கொலஸ்ட்ராலைக் குறைக்கும்' என்ற வரியும் மேலே சொன்ன தவறாக வழிநடத்தும் விளம்பரத்தில் சேரலாம்; அதை இன்றே எடுத்துவிடுங்கள்.